பபூனும் பார்ட்டும்
(கோவில்பட்டியில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் கால நாடகத்தைப் பற்றிப் பேச வேண்டும், குறிப்பாக இத்தாலி, இங்கிலாந்து நாடகங்களைப் பற்றி என்று கேட்டுக்கொண்டார்கள். ஒப்புக்கொண்ட நாளிலிருந்து என் மனம் வெனிஸுக்கும் லண்டனுக்கும் போகாமல், பங்குனிப் பொங்கலுக்கு நம் ஊர்ச் சுவர்களில் ஒட்டுகிற நாடக நோட்டீஸையே சுற்றிச் சுற்றி வந்தது. காரணம், அந்த நோட்டீஸில் இருக்கிற இரண்டு சொற்கள். ஒன்று பபூன். மற்றொன்று, ராஜபார்ட், ஸ்திரீபார்ட் என்கிறோமே, அதில் வருகிற பார்ட்.

பபூன் என்ற சொல் இத்தாலியில் பிறந்தது. அங்கே கோமாளிக்கு 'பஃபோனே' என்று பெயர். பிரான்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி, பார்சி நாடகக்காரர்களும் பிறரும் கைமாற்றித் தர, விளாத்திகுளம் பக்கத்துக் காளியம்மன் கோவில் மேடை வரைக்கும் வந்திருக்கிறது. பார்ட் இங்கிலாந்துச் சொல். இதற்கு ஒரு கதை இருக்கிறது, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில் ஒரு நாடகத்தின் முழுப் பிரதியை நடிகர்கள் கையில் கொடுக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் கையால் எழுத வேண்டும். காகிதம் விலை கூடுதல். போட்டிக் கம்பெனிக்காரன் பிரதியைக் கொண்டுபோய்விடுவான் என்ற பயமும் உண்டு. ஆகவே ஒவ்வொரு நடிகருக்கும் அவர் பேச வேண்டிய வசனத்தை மட்டும் எழுதித் துண்டு துண்டாக ஒட்டி, பாயைப் போலச் சுருட்டிக் கொடுப்பார்கள். எதிராளி பேசுவதில் கடைசி இரண்டு மூன்று சொற்கள் மட்டும் இருக்கும், எடுப்புக்காக. அந்தச் சுருளுக்குத்தான் பார்ட் என்று பெயர். அப்படிப்பட்ட ஒரு சுருள் இன்றைக்கும் தெற்கு லண்டனில் டல்விச் கல்லூரியில் இருக்கிறது. எட்வர்ட் ஆலெய்ன் என்ற பெரிய நடிகர் ஓர்லாண்டோ வேடம் கட்டப் பயன்படுத்திய சுருள் அது. நாடகத்தை எழுதியவர் ராபர்ட் கிரீன், கதையோ இத்தாலியக் கவி அரியோஸ்தோவினுடையது. இங்கிலாந்தின் சுருளுக்குள்ளே இத்தாலியின் கதை! இந்த இரண்டு நாட்டு நாடகத்துக்கும் இருந்த உறவை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

ஆகவே நம் மேடையில் ராஜபார்ட்டும் பபூனும் எதிரெதிரே நிற்கும்போது இங்கிலாந்தும் இத்தாலியும் நிற்கின்றன என்பேன். பெயரளவில் மட்டும் சொல்லவில்லை.

ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கும் என்பது இங்கே மூத்தவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, தை மாசியில் கம்பும் சோளமும் களத்துக்கு வந்து, பருத்தி எடுத்து முடிந்த பிறகுதான் கரிசல் காட்டில் கையில் நாலு காசு புரளும். அப்போது அம்மனுக்குப் பொங்கல். பொங்கலன்று ராத்திரி நாடகம். ராஜபார்ட் ஒரு ஊர்க்காரர், ஸ்திரீபார்ட் வேறொரு ஊர், பபூன் மதுரை, டான்ஸ் புதுக்கோட்டை, ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் திசைக்கு ஒருவர். தனித்தனியாக அச்சாரம் வாங்கிக்கொண்டு தனித்தனி பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். ஒத்திகை என்பது கிடையவே கிடையாது. சில சமயம் வள்ளியும் முருகனும் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்ப்பதே அரிதாரம் பூசுகிற கொட்டகைக்குள்தான். பத்து மணிக்கு மேல் ஆர்மோனியம் தொடங்கும். பபூன் வந்து சிரிக்க வைப்பார், டான்ஸோடு வம்பிழுப்பார், பிறகு கதை. கோழி கூப்பிடுகிற நேரத்தில் மங்களம். ஒத்திகை இல்லாமல் ஏழெட்டு மணி நேரம்! இதை எப்படிச் செய்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை தேடித்தான் நான் இத்தாலிக்குப் போனேன், புத்தகத்தின் வழியாக.

1545ஆம் ஆண்டு பிப்ரவரி 25. இத்தாலியில் பாதுவா என்ற ஊர். மாஃபியோ ஸனீனி என்பவரும் இன்னும் ஏழு பேரும் பத்திரம் எழுதுகிறவர் முன்னால் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். அடுத்த ஆண்டு வரை ஊர் ஊராகச் சேர்ந்து போய் நாடகம் போடுவது. சாமான் சுமக்கப் பொதுப் பணத்தில் ஒரு குதிரை வாங்குவது. யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் பொதுப் பணத்திலிருந்து பார்த்துக்கொள்வது. வசூல் பெட்டிக்கு மூன்று சாவி. தங்களுக்குள் சீட்டாடக் கூடாது, தின்பண்டத்துக்காக ஆடினால் மட்டும் பாதகமில்லை! நடிப்பே பிழைப்பு என்று வாழ்ந்தவர்களின் மிகப் பழைய ஒப்பந்தங்களில் இது ஒன்று. இதைப் படித்தபோது நம் நாடக நடிகர் சங்கங்கள்தான் நினைவுக்கு வந்தன. நோயில் கிடக்கும் கலைஞனுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கூட்டத்தார் வளர்த்த நாடகத்துக்குப் பின்னால் 'கொமேதியா தெல்லார்த்தே' என்று பெயர் வந்தது. தொழில்காரர் நாடகம் என்று பொருள் சொல்லலாம். இதில் எழுதிய வசனம் கிடையாது. கதையின் போக்கை மட்டும் ஒரு தாளில் எழுதி மேடைக்குப் பின்னால் மாட்டி வைப்பார்கள். யார் எப்போது வருவது, எங்கே சண்டை, எங்கே கடிதம் கைமாறுகிறது என்பது மட்டும் அதில் இருக்கும். மற்றதெல்லாம் நடிகரின் நாக்கில். ஆனால் வேடங்கள் நிலையானவை. பாந்தலோனே என்றால் கஞ்சக் கிழவர், தொத்தோரே என்றால் படித்த பிதற்றல்காரர், ஸானி என்றால் பசித்த வேலைக்காரக் கோமாளி, அப்புறம் காதலர் இருவர். ஒருவர் ஒரு வேடத்தையே ஆயுள் முழுவதும் கட்டுவார். இருபது வருடம் பாந்தலோனேயாக நின்றவருக்கு, எதிரே யார் வந்து எதைச் சொன்னாலும் பதில் இருக்கும்.

நம் ஆட்களும் அப்படித்தானே! ராஜபார்ட்காரர் அரிச்சந்திரனோ, கோவலனோ, சத்தியவானோ, முருகனோ, எது வந்தாலும் ராஜபார்ட்தான். கதை அவருக்குத் தெரியும், எதிரே நிற்கிற ஸ்திரீபார்ட்டுக்கும் தெரியும், தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிற நமக்கும் தெரியும். முடிவு தெரிந்த கதையை விடிய விடியப் பார்ப்பது தர்க்கத்துக்காக, வேடக்காரர்கள் மேடையிலேயே கேள்வியும் பதிலுமாக மோதிக்கொள்வதற்காக. நான் சிறுவனாக இருந்தபோது மழை பொய்த்த ஒரு வருடம். வள்ளி திருமணம் நடந்துகொண்டிருந்தது. தினைப்புனத்துக்கு வந்த நாரதரைப் பார்த்து வள்ளி கேட்டாள்: "சாமி, மூணு லோகமும் சுத்துறீங்களே, வருணனை வழியில எங்கயாவது பாத்தீங்களா? எங்க கரிசக்காட்டுக்கு வழி மறந்து போச்சான்னு கேட்டீங்களா?" ஊரே ஒரு நொடி மூச்சடங்கிப் போனது. நாரதர் தம்பூராவைத் தோளில் மாற்றிக்கொண்டு, "பாத்தேன்மா, உங்க கண்மாயப் பாத்துட்டு இறங்கவே கூச்சமா இருக்குங்கறான். கரையைக் கட்டி வைங்க, வாரேங்கறான்" என்றார். தூர்ந்துபோன கண்மாயைப் பற்றி நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருக்கும்போது அப்படிச் சொன்னார். எந்தப் பிரதியிலும் இந்த வசனம் கிடையாது. அந்த அம்மாளும் அவரும் அதற்கு முன்னால் சேர்ந்து நடித்தவர்களா என்பதும் எனக்குத் தெரியாது.

இத்தாலியில் இந்தக் கலையின் உச்சம் என்று இசபெல்லா அந்திரெயினியைச் சொல்வார்கள். 1562இல் பாதுவாவில் பிறந்தவர். ஜெலோசி என்ற குழுவின் நாயகி. 1589இல் பிளாரன்ஸில் மெதிச்சி குடும்பக் கல்யாணத்தில் பித்துப் பிடித்தவளாக நடித்து, பல மொழிகளில் மாறி மாறிப் பேசி, கூட நடித்த மற்ற வேடக்காரர்களைப் போலெல்லாம் பேசிக் காட்டிச் சபையை மயக்கினார். 1604இல் பிரான்சில் லியோன் நகரத்தில் இறந்தபோது அந்த ஊரே மரியாதை செலுத்தியது. பெண்கள் மேடையேறுவதற்கு இத்தாலியில் அதற்கு நாற்பது வருடம் முன்பே வழி திறந்திருந்தது. 1564இல் ரோமில் எழுதிய ஒரு நாடகக் குழு ஒப்பந்தத்தில் சியெனா ஊர் லுக்ரேசியா என்ற பெண்ணின் பெயர் இருக்கிறது.

இங்கிலாந்தில் தொழில்முறை மேடைக்குப் பெண்கள் வர 1660 ஆயிற்று. ஜூலியத்தாகவும் கிளியோபாத்ராவாகவும் நடித்தவர்கள் பையன்கள். பையன்கள் மட்டுமே நடித்த கம்பெனிகளும் லண்டனில் இருந்தன. அரசியின் தேவாலயத்துக்குப் பாடகர் வேண்டும் என்ற உரிமைச் சீட்டைக் காட்டிப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனதும் உண்டு. 1600ஆம் ஆண்டில் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போன பதின்மூன்று வயது தாமஸ் கிளிஃப்டனை அப்படித்தான் கொண்டுபோனார்கள். தகப்பனார் செல்வாக்குள்ளவர், முறையிட்டு மீட்டார். செல்வாக்கில்லாத வீட்டுப் பிள்ளைகளின் கதி என்ன ஆயிற்றோ என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

பாய்ஸ் கம்பெனி என்றதும் உங்களுக்கு யார் முகம் தோன்றுகிறது என்று எனக்குத் தெரியும். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். நம் மண்ணுக்காரர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். உப்பளத்தில் கணக்குப் பார்த்தார். இருபத்து நாலு வயதில் நாடகத்துக்கு வந்தார். எமன், சனீஸ்வரன், இரணியன் என்று நெருப்பான வேடங்களைக் கட்டினார். பிறகு ஆசிரியரானார். பவளக்கொடி, வள்ளி திருமணம், கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று இன்றைக்கும் ஸ்பெஷல் நாடகக்காரர்கள் உயிர் வளர்ப்பது அவர் போட்ட சோற்றில். மகாகவி பாரதி எட்டயபுரத்தில் பிறப்பதற்குப் பதினைந்து வருடம் முன்னால் பிறந்தவர் இவர். பாரதியைக் கொண்டாடுகிற அளவில் கால்வாசியாவது இவரைக் கொண்டாடியிருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் குறை.

நடிகர்கள் இஷ்டத்துக்குப் பேசிக்கொண்டு போவதில் அவர் மனம் நொந்துபோனார் என்று சொல்வார்கள். சிறுவர்களை எடுத்து, தமிழ் சொல்லிக் கொடுத்து, பாடம் பண்ணவைத்து, எழுதியதை எழுதியபடி பேசவைக்க விரும்பினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னஞ்சிறு பிள்ளைகளாக வந்து சேர்ந்தார்கள். அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததை அந்தச் சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை'யில் பதிவு செய்திருக்கிறார். கடைசிக் காலத்தில் பக்கவாதத்தில் விழுந்து, 1922 நவம்பர் 13இல் புதுச்சேரியில் காலமானார்.

நடிகன் வாய்க்கு வந்ததைப் பேசக்கூடாது என்ற இதே ஆதங்கம் ஷேக்ஸ்பியருக்கும் இருந்தது. ஹாம்லெட் நாடகத்தில், பம்மல் சம்பந்த முதலியார் 'அமலாதித்யன்' என்று தமிழாக்கினாரே அதில், அரசகுமாரன் நடிகர்களுக்குப் புத்தி சொல்லும் காட்சி வருகிறது. கோமாளிகள் எழுதிக் கொடுத்ததற்கு மேல் பேசக்கூடாது என்கிறான். வில் கெம்ப் என்ற மக்கள் கொண்டாடிய கோமாளி 1599 வாக்கில் ஷேக்ஸ்பியரின் கம்பெனியை விட்டுப் போயிருந்தார். மறு வருடம் லண்டனிலிருந்து நாரிச் வரை சாலையெல்லாம் ஆடிக்கொண்டே போனார். பையன்கள் கம்பெனி வந்து பெரியவர்கள் பிழைப்பைக் கெடுக்கிறது என்ற பேச்சும் அதே ஹாம்லெட்டில் இருக்கிறது. ஆசிரியன், கோமாளி, பாய்ஸ் கம்பெனி என்ற மூன்று வழக்கும் ஒரே நாடகத்துக்குள். தமிழ் நாடகச் சரித்திரத்தை முன்கூட்டியே யாரோ எழுதி வைத்த மாதிரி.

பையன்களுக்குக் குரல் உடைகிற வயதை நம்மவர் மகரக்கட்டு என்பார்கள். லண்டனிலும் சரி, மதுரையிலும் சரி, மகரக்கட்டு வந்த அன்றைக்கு ஸ்திரீபார்ட் பையனின் ராஜ்யம் போய்விடும். பெரிய வேடத்துக்கு ஏறியவர்கள் சிலர். ஊருக்குத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர், அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மேடைக்குப் பின்னால் தொங்குகிற சீனுக்கு வருகிறேன். 1545ஆம் ஆண்டை மறந்துவிடாதீர்கள். பாதுவாவில் எட்டுப் பேர் பத்திரம் எழுதிய அதே ஆண்டில் செபாஸ்தியானோ செர்லியோ என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞரின் நூல் பாரிசில் அச்சாகிறது. தூரத்தில் போகப் போகச் சிறுத்துத் தெரிகிற மாதிரி மேடைக்குக் காட்சி அமைப்பதை அதில் படம் போட்டு விளக்குகிறார். மூன்று காட்சிகள் போதும் என்கிறார். சோக நாடகத்துக்கு அரண்மனை. நகைச்சுவைக்குத் தெரு. மூன்றாவது, மரமும் குடிசையுமாகக் காடு. நம் சீன்காரர் வண்டியில் கொண்டுவருகிற சுருட்டிய திரைகளை நினைத்துப் பாருங்கள். தர்பார் சீன், தெரு சீன், காட்டு சீன்!

இது தற்செயல் இல்லை, இதற்கு வம்சாவளி சொல்ல முடியும். இத்தாலிய முறையை இனிகோ ஜோன்ஸ் இங்கிலாந்து அரண்மனைக்குக் கொண்டுபோனார், 1605இல் மன்னர் முன்னிலையில் அந்தக் காட்சி அமைப்பு அரங்கேறியது. அங்கிருந்து பொதுக் கொட்டகைகளுக்கு இறங்கி, வெள்ளைக்காரரோடு பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வந்தது. 1853 முதல் பம்பாயில் பார்சிக்காரர்கள் கம்பெனி கட்டி, எழுதிய படுதாக்களோடு ஊர் ஊராகப் போனார்கள். தமிழ்க் கம்பெனிகள் அதைப் பார்த்துச் சீன் கட்டின. வியக்க வேண்டிய விஷயம், 1599இல் கட்டிய குளோப் கொட்டகையில் ஷேக்ஸ்பியருக்கு எழுதிய படுதா எதுவும் கிடையாது. ஒரு பென்னி கொடுத்துவிட்டு வானம் பார்த்து நின்ற ஜனங்களுக்கு அவர் காட்டைச் சொல்லாலேயே காட்டினார். அவருக்குக் கிடைக்காத இத்தாலியக் காடு நம் வள்ளிக்குக் கிடைத்திருக்கிறது.

இத்தாலியில் விச்சென்சா என்ற ஊரில் பல்லாதியோ வடிவமைத்த ஒலிம்பிக்கோ அரங்கம் 1585இல் ஈடிபஸ் நாடகத்தோடு திறக்கப்பட்டது. மரத்தால் செய்த தெருக்கள் உள்ளே போகப் போக மேலேறிச் சிறுத்துக்கொண்டே போகும், ஸ்கமோட்சி அமைத்தவை, இன்றும் நிற்கின்றன. நடிகர் அந்தத் தெருவுக்குள் நாலடி கூடுதலாக நடந்துவிட்டால் வீட்டுக் கூரைக்கு மேலே தலை தெரியும். நம் பபூன் பின்னால் சாய்ந்து தெரு சீனின் மாடி ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேசுவாரே, அந்த இத்தாலியத் தச்சர்கள் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள்!

அதிகாரம் நாடகத்துக்குப் பயந்த கதையும் இரண்டு பக்கமும் உண்டு. 1572இல் இங்கிலாந்துச் சட்டம், பிரபு ஒருவரின் ஆதரவு இல்லாத நடிகனை நாடோடிக் குற்றவாளியாக வைத்தது. 1597இல் ஒரு நாடகத்துக்காகப் பென் ஜான்சனைச் சிறையில் அடைத்தார்கள். 1642இல் கொட்டகைகளையே மூடினார்கள். இங்கே 1876இல் வெள்ளைக்காரன் நாடகச் சட்டம் கொண்டுவந்தான். சிவகாசியில் பிறந்த விசுவநாத தாஸ் முருகன் வேடத்தில் வள்ளிக்கு எதிரே நின்று, புனத்தில் பறவை விரட்டுகிற பாட்டிலேயே வெள்ளைக் கொக்கை விரட்டிப் பாடினார். பலமுறை சிறை போனார். 1940 டிசம்பர் 31இல் சென்னையில், வேடத்தோடு மேடையிலேயே உயிர் நீத்தார். எழுதிக் கொடுத்த நாடகம் பழைய வள்ளி திருமணம்தான். நடுவிலே திறந்து கிடந்த அந்த இடம், நடிகன் தன் சொல்லை வைக்கிற இடம் இல்லாவிட்டால், சுதந்திரம் அந்த மேடைக்குள் நுழைந்திருக்க முடியாது.

என் கட்சி இதுதான். ஐரோப்பாவில் நடிகனின் வாய்ச்சொல் ஒரு தேசத்திலும் கவிஞனின் எழுத்து இன்னொரு தேசத்திலுமாக ஓங்கி நின்றன. கரிசல் மேடையில் இரண்டும் ஒரே ராத்திரியில் நிற்கின்றன. பாட்டு சுவாமிகள் பாட்டு, ஓர் எழுத்து மாறாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலுள்ள தர்க்கம் அன்றன்றைக்குப் பிறப்பது. சுவாமிகள் நடிகனை அடக்க விரும்பினார், நடிகன் அவரையே குருவாக வைத்து வருடந்தோறும் குருபூசை நடத்திக்கொண்டு அடங்காமலும் இருக்கிறான். இந்த இழுபறியில்தான் நம் நாடகம் நூறு வருடத்துக்கு மேல் செத்துப்போகாமல் இருக்கிறது.

இதில் எழுத்துப் பாதி பத்திரமாக இருக்கிறது. மற்றப் பாதிதான் என் கவலை. இத்தாலியில் ஃபிளாமினியோ ஸ்காலா 1611இல் ஐம்பது நாடகங்களின் கதைப்போக்கை அச்சிட்டு வைத்தார். இசபெல்லா இறந்த மூன்றாம் வருடம் அவர் எழுதி வைத்ததை அவருடைய கணவரே புத்தகமாக்கினார். லண்டனில் பிலிப் ஹென்ஸ்லோ என்ற கொட்டகை முதலாளி 1592 முதல் எழுதிய வரவுசெலவுக் கணக்கால்தான் அந்தக் காலத்து நாடகத் தொழிலே நமக்குத் தெரிகிறது. நம்மிடமும் அப்படி ஒருவர் இருந்தார். நாகலாபுரத்தில் வாழ்ந்த மதுரகவி பாஸ்கரதாஸ், நாடகத்துக்கும் பிறகு சினிமாவுக்கும் பாட்டெழுதியவர், நாட்குறிப்பு எழுதி வைத்தார். அது நூலாகவும் வந்திருக்கிறது. இடைசெவல் கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களைப் பொறுக்கி அகராதி போட்டார். தர்க்கத்தை யார் பொறுக்கினார்கள்?

இத்தாலியக் காதல் வேடக்காரர்கள் ஆளுக்கொரு குறிப்பேடு வைத்திருப்பார்கள். படித்த நல்ல வாக்கியம், கேட்ட உவமை, எதிராளியை மடக்குகிற கேள்வி எல்லாம் அதில் ஏறும். நம் கலைஞர்களிடமும் அந்த நோட்டு இருக்கிறது. எங்கள் பக்கத்து ஊரில் ஒரு மூத்த ராஜபார்ட் இருந்தார். நீளமான கணக்கு நோட்டில் பென்சிலால் எழுதியது, நாற்பது வருடத்து உழைப்பு. ஒருமுறை பிரித்துக் காட்டினார். ஒரு பக்கத்தில் திருக்குறள், எதிர்ப்பக்கத்தில் எந்த ஊரில் எந்த ஸ்திரீபார்ட் என்ன கேட்டாள், தான் என்ன சொன்னேன், என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று. தோற்ற தர்க்கத்தையும் எழுதி வைத்திருந்தார்! அவர் காலமாகி நாலைந்து மாதம் கழித்துத்தான் எனக்குத் தகவல் தெரிந்தது. போய்க் கேட்டேன். பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முன்னாலேயே போயிருக்க வேண்டியவன் நான்.

அதனால்தான் இன்றைக்கு ஒலிப்பதிவுக்கு ஏற்பாடு செய்யச் சொன்னேன். முன்வரிசையில் ஒரு ராஜபார்ட்காரரும் ஒரு ஸ்திரீபார்ட் அம்மாவும் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவரும் இன்று சாயங்காலம்தான் முதல்முறையாகப் பார்த்துக்கொண்டார்கள். வேடம் இல்லை, சீன் இல்லை. வள்ளி புனத்தில் இருக்கிறாள், வேடன் வந்து வழி கேட்கிறான், அவ்வளவுதான் பேச்சு. என்ன கேட்பார்கள், என்ன பதில் வரும் என்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. ஆர்மோனியக்கார அண்ணாச்சி, நாலரைக் கட்டையில் சுருதி கொடுங்கள். அம்மா, மேலே வாங்க.